செத்து மிதந்தால்தான் கணக்கா?

கடல்மட்டத்திற்குக் கீழே நெல் விளையும் கேரளத்தின் குட்டநாட்டில், விதைப்புக்கு முன்னரும் பயிர்க்காலத்திலும் வயல்நீர் வாய்க்கால்களுக்கு இறைத்து வெளியேற்றப்படுகிறது. பூச்சிக்கொல்லி எச்சமும் அதனோடு செல்கிறது. உப்புநீர் புகாதிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணை மூடப்படும் மாதங்களில் வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதி தேங்கிக் கிடக்கிறது; வந்த நஞ்சும் தேங்குகிறது. கரிமீன் வாழ்வதும், உள்நாட்டு மீனவர்கள் வலை வீசிப் பிழைப்பதும் இந்நீரில்தான்.

நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன், காற்றில் உள்ளதில் ஏறத்தாழ 30இல் ஒரு பங்கே. அதைச் செவுள்களின் மெல்லிய தகடுகள் வழியாக மீன் பெறுகிறது. நஞ்சு பட்டால் தகடுகளின் மேற்படலம் பிரிந்து எழும்புகிறது, செல்கள் பெருகித் தடிக்கின்றன, சளி படர்கிறது. ஆக்ஸிஜன் இரத்தத்தை எட்ட வேண்டிய தொலைவு கூடுகிறது. மீன் செவுள்மூடியை வேகமாக அடித்துக்கொள்கிறது, நீர்மட்டத்திற்கு வந்து வாய் பிளக்கிறது. குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்றவை நரம்புச் செய்தியை ஒழுங்குபடுத்தும் நொதியையும் முடக்கி, மூச்சியக்கும் தசைகளைக் குலைக்கின்றன. காற்றையும் சுவாசிக்க வல்ல விராலும் பனையேறிக் கெண்டையும் சற்றுத் தாக்குப்பிடிக்கலாம். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அவ்வழியும் இல்லை.

ஆனால், நஞ்சின் கடுமையை அளக்கும் வழக்கமான சோதனை கேட்பது ஒன்றே: 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் அளவு எது? அதற்குக் குறைந்த அளவில் மூச்சுத் திணறி, இரை தேடும் வலுவிழந்து, வளர்ச்சி குன்றும் மீன் இக்கணக்கில் வராது. செத்து மிதக்காத மீனுக்காக மீனவர் இழப்பீடும் கேட்க முடியாது. நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான அளவுகோல் ஏது?

மீன்களுக்குக் கொடிய நஞ்சான எண்டோசல்பானுக்கு நாடு தழுவிய தடை கிடைத்தது 2011 மே மாதம். அதுவும் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே. 2020இல் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய ஒன்றிய அரசு வரைவாணை வெளியிட்டது. உற்பத்தியாளர்கள் எதிர்த்தனர். 2023இல் வந்த ஆணையில் தடைக்குள்ளானவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அவற்றில் குளோர்பைரிபாஸும் இல்லை, மாலத்தியானும் இல்லை.

விவசாயி மீது பழி போடுவது எளிது. வேளாண் அலுவலர் எட்டிப் பார்க்காத ஊரில் அவருக்கு ஆலோசகர் மருந்துக் கடைக்காரரே. பதிவு வழங்குமுன் செவுள் பாதிப்பையும் சுவாசக் குறைவையும் சோதிக்க வேண்டும். அதற்கான செலவை விற்று லாபம் ஈட்டும் நிறுவனமே ஏற்க வேண்டும். மீன்வளம் குன்றிய நீர்நிலைகளை நம்பியுள்ள மீனவர்களுக்கான நிவாரணமும் அந்த லாபத்திலிருந்தே வசூலிக்கப்பட வேண்டும்.