நாற்பது வேலிக்குக் கூலி யார் கொடுத்தது?

மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திருவிழாவுக்கு நாடகம் வைப்பதா, ரிக்கார்டு டான்ஸ் வைப்பதா என்று ஊரே இரண்டுபட்டு நின்றது. பெரியவர்கள் நந்தன் சரித்திரம் என்றார்கள். வாலிபர்கள் சிரித்தார்கள். “விடிய விடிய ராகம் இழுப்பார்கள், ஒரு வார்த்தை புரியாது, தூக்கம்தான் வரும்” என்றார்கள். கடைசியில் பெரியவர்கள் பக்கம் ஜெயித்தது. நாடகம் நடந்தது. நாமும் போயிருந்தோம்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வாலிபர்கள் சொன்னதில் பாதி உண்மை! பதினொரு மணிக்கெல்லாம் பாதிக் கூட்டம் சாய்ந்துவிட்டது. பகல் முழுதும் மல்லாட்டை ஆய்ந்த பெண்கள் மடியில் குழந்தையோடு தூங்கினார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் ஷிப்டு முடித்து வந்த தொழிலாளிகள் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். மேடையில் ஒரே அடியை ஏழெட்டுத் தரம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் வேதியர் வந்தார். “நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் போ” என்று நந்தனுக்கு உத்தரவு போட்டார். உடனே கட்டியக்காரன் குறுக்கே பாய்ந்தான். “சாமி, நாற்பது வேலிக்கு நடவாள் எத்தனை? ஆளுக்குக் கூலி என்ன? மத்தியானச் சோறு உண்டா?” என்று கேட்டான்.

கூட்டம் எழுந்து உட்கார்ந்துவிட்டது! “சோறு எங்கே போட்டான், கூழுதான் ஊத்துனான்!” என்று இருட்டிலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு நாடகம் முடியும் வரை ஒருவரும் தூங்கவில்லை. சிரித்த வாலிபர்களும் நின்றபடியே பார்த்தார்கள்.

இந்த ஒரு கேள்வியில் பாடம் இருக்கிறது. வேலி என்பது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். ஒரே இரவில் அத்தனையும் விளைந்தது, பூதகணங்கள் வந்து விளைவித்தன என்கிறது கதை. வயலில் குனிந்து நட்டவனுக்குத் தெரியாதா, விளைவித்த பூதம் யாரென்று?

எந்த எழுத்தை மாற்றக்கூடாது?

இதைக் கேட்டதும் சில ரசிக சிகாமணிகளுக்குக் கோபம் வருகிறது. “பழைய நாடகத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது, கலை கெட்டுவிடும்” என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: ஐயா, எந்த எழுத்து?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அதில் ஆதனூர் திருநாளைப்போவார் வருகிறார். கோயில் பேரிகைக்குத் தோலும், வீணைக்கு நரம்பும் கொடுக்கிறார். அங்கே பண்ணையார் இல்லை. நாற்பது வேலி இல்லை. அந்த வேதியரையும், “உத்தரவு கொடும்” என்று கெஞ்சும் பண்ணையாளையும் படைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோபாலகிருஷ்ண பாரதியார். தஞ்சைச் சீமையின் பண்ணைக் கொடுமையைக் கண்ணால் பார்த்த மனிதர் அவர். பார்த்ததைப் பழங்கதைக்குள் புகுத்தினார். ஜனங்கள் பாடும் சிந்து மெட்டுகளில் போட்டார்.

அன்றைய வித்துவான்கள் என்ன செய்தார்கள்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழை இருக்கிறதென்று சிறப்புப் பாயிரம் தராமல் பாரதியாரைப் பலமுறை அலையவிட்டார். பிறகு ஒருநாள் அந்தப் பாட்டைக் காதாரக் கேட்டு உருகித்தான் கொடுத்தார். உ.வே.சாமிநாதையரே இதை எழுதி வைத்திருக்கிறார். அன்று “இலக்கணம் கெட்டது” என்று ஒதுக்கப்பட்டது இன்று “எழுத்தை மாற்றாதே” என்று பூஜிக்கப்படுகிறது!

அதோடு நின்றதா? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நந்தனைக் கிந்தனாக்கினார். நந்தன் சிதம்பரம் போக ஆசைப்பட்டான். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஆசைப்பட்டான். 1949-ல் ‘நல்லதம்பி’ படத்தில் அந்தக் காலட்சேபத்தைக் கண்டு நாடே சிரித்தது, சிந்தித்தது. 1978-ல் இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ எழுதினார். அதில் தீ தெய்வத்தின் சோதனையல்ல, மேல்சாதிக்காரர்களின் சூழ்ச்சி.

ஆக, நந்தன் கதை மாறி மாறித்தான் உயிரோடு இருக்கிறது. மாற்றாமல் வைத்திருந்தால் ஏட்டுக் கட்டில் செல்லரித்துப் போயிருக்கும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை

இன்னொரு பக்கம் நம் தோழர்களிலேயே சிலர் இருக்கிறார்கள். “புராணக் குப்பை, தூக்கி எறி” என்கிறார்கள். பண்ணையடிமையின் கண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த கதை குப்பையா? நாம் எறிந்தால் அதைப் பொறுக்கிக்கொள்ள ஆள் காத்திருக்கிறான். “பார், பொறுமையாக இருந்த நந்தனுக்கு மோட்சம் கிடைத்தது, நீயும் பொறுமையாக இரு” என்று நம் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுப்பான்.

வேறு சிலர் கடைசிக் காட்சியில் கொடியோடு வந்து அரைமணி நேரம் பிரசங்கம் செய்கிறார்கள். நாமும் அந்தத் தவற்றைச் செய்தவர்கள்தான். கூட்டம் எழுந்து போய்விட்டது. கட்டியக்காரனின் ஒரு கேள்வி செய்ததை நமது அரைமணிப் பிரசங்கம் செய்யவில்லை!

என்ன செய்ய வேண்டும்?

பாட்டை ஒழிக்க வேண்டாம். பாட்டுக்கு முன்னால் அதன் பொருளை நாலு வரிப் பேச்சில் சொல்லுங்கள். பொருள் தெரிந்தவன் ராகத்தையும் ரசிப்பான்.

இழுப்பைக் குறையுங்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவனை விடியும் வரை உட்கார வைப்பது என்ன நியாயம்? எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் முடியுங்கள். பிரான்சில் 1951-ல் ழான் விலார், பாரிஸுக்கு வெளியே சுரேன் என்ற தொழிலாளர் வட்டாரத்தில் ‘லெ சித்’ நாடகத்தைப் போட்டார். அது 1637-ம் வருஷத்து நாடகம். டிக்கெட் விலையைக் குறைத்தார், இடம் காட்டுகிறவனுக்கு இனாம் கொடுக்கும் வழக்கத்தை ஒழித்தார். அவர் நாடகத்தை மலிவாக்கவில்லை. நாடகத்துக்குப் போகும் வழியை மலிவாக்கினார்.

கட்டியக்காரனுக்கு வாயைத் திறந்துவிடுங்கள். கூலியைப் பேசட்டும், விலைவாசியைப் பேசட்டும். ஆனால் பெண்களை இழிவுபடுத்தும் ஆபாசப் பேச்சு வேண்டாம். அதைக் கேட்டுத் தலைகுனிபவள் நம் வீட்டுப் பெண்.

நடிகனுக்கு நியாயமான கூலி கொடுங்கள். இரவில் ராஜா வேஷம் கட்டுகிறவன் பகலில் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குகிறான். மேடையில் கூலி கேட்கும் கட்டியக்காரனுக்கு மேடைக்குக் கீழே கூலி பாக்கி வைப்பது வெட்கக்கேடு!

கடைசியில் அந்தத் தீ

நந்தன் தீயில் இறங்குகிறான். மறையவர் கோலத்தில் வெளியே வருகிறான். கோயில் திறக்கிறது. கூட்டம் கைகூப்புகிறது. நாம் கேட்பது இதுதான்: நந்தனாகவே அவன் ஏன் உள்ளே போக முடியவில்லை?

இந்தக் காட்சியை வெட்ட வேண்டாம். பூமாரி பொழிந்து மூடவும் வேண்டாம். தீ எரியட்டும். ஒரு நிமிஷம் தாளம் நிற்கட்டும், பாட்டும் நிற்கட்டும். கூட்டம் தீயைப் பார்க்கட்டும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் அரைப்படி நெல் அதிகம் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அவர்கள் யாரும் புதுக்கோலத்தில் வெளியே வரவில்லை.

அந்த ஒரு நிமிஷ மௌனத்தில் நம் ஜனங்களுக்குப் புரியாதது எதுவும் இருக்காது.

நந்தன் பிறந்த ஆதனூரும் அவன் எரிந்த சிதம்பரமும் நம் கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அவன் கதை நம் கதை. அடுத்த திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் கூடும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். போய் உட்காருங்கள். நாடகம் வேண்டுமென்று கேளுங்கள், புரியும்படி நடத்தச் சொல்லிக் கேளுங்கள். நாற்பது வேலிக்குக் கூலி எங்கே என்று கட்டியக்காரனைக் கேட்கச் சொல்லுங்கள்!