விரலும் எழுத்தும்

சிவகாசியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்கள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. எனினும், அப்பெருமையினூடே ஒரு துயரும் உண்டு. ஏடு புரட்ட வேண்டிய பிஞ்சு விரல்கள் ஒருகாலத்தில் அங்கே தீக்குச்சி அடுக்கின, பெட்டி ஒட்டின. சிவகாசிச் சிறுவர் நிலைபற்றி எழுந்த வழக்கில், 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடர்மிகு தொழிலில் குழந்தையை அமர்த்தியவர், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. விரல்களை வேலையினின்று மீட்பது பாதி அறமே. அவற்றிற்கு எழுத்தைத் தருவது எஞ்சிய பாதியாகும்.

இக்காலத்தில் எழுத்து, எழுதுகோலோடு நிற்பதில்லை, விசைப்பலகையையும் வேண்டுகின்றது. "தட்டச்சு அறியாத நாம் குழந்தைக்கு எங்ஙனம் கற்பிப்போம்?" எனப் பெற்றோர் பலர் தயங்குவர். அத்தயக்கம் வேண்டுவதில்லை. தமிழ் எழுத்தின் இயல்பை அறிந்த எவரும் இதற்குத் துணைநிற்கலாம்.

காரணம் காண்போம். தமிழ் எழுத்துக்கள் 247. அவற்றைச் சில விசைகளில் அடக்குதல் அரிதாயிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தவராகிய முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தார். அத்தகைய பொறியில் 'கொ' என்று எழுதக் கொம்பு, ககரம், கால் ஆகிய மூன்றையும் தனித்தனியே தட்டல் வேண்டும். 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையிலோ, 'க', 'ஒ' என்னும் இரண்டையும் தட்டினாலே 'கொ' தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்னும் இலக்கண விதியே இங்கு விரலின் விதியாயிற்று. உயிரெழுத்துக்கள் இடப்புறத்திலும், மெய்களுட் பெரும்பாலானவை வலப்புறத்திலும் அமைந்துள்ளன.

ஆங்கில எழுத்தால் தமிழைத் தட்டுவதே எளிது என்பாரும் உளர். ஆங்கிலம் பழகிய முதியோர்க்கு அது பொருந்தலாம். லகர ளகர ழகரங்களுக்குத் தனித்தனி எழுத்தில்லாத மொழியைச் சுற்றித் தன் தாய்மொழிக்கு வருதல் குழந்தைக்கு வீண் சுமையன்றோ? ஆங்கிலத் தட்டச்சையும் பின்னர்க் கற்கலாம். முதல் விரற்பழக்கம் தமிழாதல் நலம்.

நாள்தோறும் கால்மணி நேரம் போதும். நடுவரிசையில் உள்ள அ, இ, உ ஆகியவற்றை இடக்கையும், க, ப, ம, த, ந ஆகியவற்றை வலக்கையும் முதலிற் பழகுக. விசையை நோக்காது தட்டுக. விரைவு பின்னர்த் தானே வரும். முதலில் வேண்டுவது பிழையின்மையே. தாய் பாடநூலை உரக்கப் படிக்க, குழந்தை கேட்டுத் தட்டலாம். கணினியில்லாத வீட்டில், ஓர் அட்டையில் விசைகளை வரைந்து விரல்களைப் பழக்கலாம். அட்டைக்குச் சிவகாசியிற் பஞ்சமில்லை.

ஒன்று மட்டும் மறவற்க. குழந்தை சோர்ந்தவுடன் நிறுத்துதல் வேண்டும். கூலிக்குத் தட்டச்சுச் செய்யக் குழந்தையை அமர்த்தினால், அதுவும் பழைய தீப்பெட்டி வேலையேயாகும். பயிற்சி கல்விக்கே உரியதாகுக.