ஊரை விட்டு அனுப்பாதீர்கள்

“ஒரு நல்ல ஹோமா பாத்துச் சேத்துருங்க, அண்ணாச்சி. அவனுக்கும் நல்லது, உங்களுக்கும் நிம்மதி.” பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரை ஊர்களில், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்குச் சொந்தபந்தம் சொல்லும் யோசனை இது. சொல்கிறவர்களில் படித்தவர்கள் உண்டு, அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறான யோசனை. இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் ஊருக்கு வெளியே ஒரு மதில் சுவருக்குள்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை, அவர்களுடைய வாழ்க்கையைப் பிடுங்கிக்கொள்கிறது.

வளர்ச்சிக் குறைபாடு காய்ச்சல் போலக் குணமாக்கி அனுப்பும் நோய் அல்ல, மனநோயும் அல்ல. கற்கும் வேகமும் விதமும் வேறு, அவ்வளவுதான். சட்டைப் பித்தான் போடுவது, கடையில் காசு கொடுத்து மிச்சம் வாங்குவது, எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரிந்துகொள்வது, எல்லாவற்றையும் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துத் திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். அந்தச் சட்டை வீட்டில் இருக்கிறது. கடை தெருமுனையில் இருக்கிறது. அங்கிருந்து பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய் எதைக் கற்றுத்தரப் போகிறோம்?

மதில் சுவருக்குள் நடப்பது வெளியே தெரியாது என்பதையும் நாம் அறிவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியின்றி இறந்தார்கள். எல்லாக் காப்பகமும் ஏர்வாடி அல்ல. அன்போடு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உறவும் அக்கம்பக்கமும் வந்து பார்க்காத இடத்தில், ஒருவரின் பாதுகாப்பு நடத்துகிறவரின் நல்ல மனசை மட்டுமே நம்பி நிற்கிறது. அது போதாது.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பவர்கள் ஆய்க்குடியைப் பார்க்கட்டும். 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். வளாகத்தில் பள்ளியும் விடுதியும் உண்டு. ஆனால் சங்கத்தின் பெரிய சாதனை வளாகத்துக்கு வெளியே நடக்கிறது. பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் வீடு தேடிப் போய், வளர்ச்சி தாமதமான குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, தாய்க்கே பயிற்சியைச் சொல்லித் தருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் சிறப்பாசிரியரும் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

முக்கூடலிலும் கடையத்திலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் தாய்க்கு இதன் அருமை தெரியும். எண்ணிக்கைக்குத்தான் அவளுக்குக் கூலி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி இல்லாத நாள். அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அவசியமானது. ஆனால் பணம் மட்டும் பிள்ளையைக் குளிப்பாட்டாது, பேசக் கற்றுத்தராது. அவள் பாசத்தில் குறை வைத்ததால் ஹோமைத் தேடவில்லை. பக்கத்தில் உதவி இல்லாததால் தேடுகிறாள்.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2004இல் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கிய ‘பட்ஸ்’ பள்ளிகளை உள்ளாட்சிகளே குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் துணையோடு நடத்துகின்றன. பிள்ளை காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிறது. 18 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனி மறுவாழ்வு மையங்கள் உண்டு. நார்வேயும் 1991இல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைக் கவனிக்கும் பொறுப்பைப் பெரிய விடுதிகளிடமிருந்து எடுத்து உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. கேரள ஊராட்சியால் முடிந்தது நம் ஊராட்சிக்கு ஏன் முடியாது?

18 வயது என்பது இங்கே ஒரு பள்ளம். இலவசக் கல்விக்கான சட்ட உரிமை அதோடு முடிகிறது. அதன்பின் பலருக்குத் திண்ணையும் பூட்டிய அறையும்தான். பத்தமடையில் கோரை உலர்த்தவும், காருகுறிச்சியில் மண் பிசையவும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் எண்ணி அடுக்கவும் பழக்கினால் இவர்களில் பலரால் முடியும். பழக்க ஆள் வேண்டும், கூட இருக்க ஒரு பகல்நேர மையம் வேண்டும்.

“எங்களுக்குப் பொறவு இவன யாரு பாப்பா?” பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி இது, இதற்கு நேர்மையான பதில் வேண்டும். 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே சட்டப்படிக் காப்பாளரை நியமிக்கச் செய்யலாம். யாருமற்றவர்களுக்குத் தங்குமிடம் தேவைதான். அது நான்கைந்து பேர் உதவியாளரோடு சொந்த ஊரிலேயே வாழும் வீடாக இருக்கட்டும். அதற்கும் முன்னால், அவனைத் தெரிந்த தெரு வேண்டும். பத்து வயதில் ஊரை விட்டு அனுப்பிய பிள்ளையை நாற்பது வயதில் அந்த ஊருக்கு அடையாளம் தெரியாது.

இதெல்லாம் கருணை கேட்கும் பேச்சு அல்ல. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஐந்தாம் பிரிவில், சமூகத்தில் வாழும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வாழ வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தாமல், வீட்டுக்கே வரும் உதவி உள்ளிட்ட சேவைகளைக் கிடைக்கச் செய்யும் பொறுப்பை அரசின் மேல் வைக்கிறது. நாமோ பிறந்தநாளுக்கும் திதிக்கும் ஹோமில் ஒருவேளைச் சாப்பாடு போட்டுக் கடமை முடிந்ததென்று திரும்புகிறோம். அந்த நல்ல மனசும் காசும் நம் தெருவிலுள்ள பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியரைக் கொண்டுவரட்டும்.

உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் தமிழ்நாடு சட்டப்பேரவை வழிசெய்தது. வாசல் திறந்திருக்கிறது. அடுத்த கிராம சபைக்குப் போங்கள். நம் ஊராட்சிக்கு ஒரு பகல்நேர மையமும் வீடு தேடி வரும் பணியாளரும் வேண்டுமென்று எழுந்து நின்று கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். இனி யாராவது ஹோமில் சேர்க்கச் சொன்னால், கூட வந்து கிராம சபையில் கைதூக்கச் சொல்லுங்கள்.