கர்ப்பத்தடை ஆலோசனைக்குத் தராசு எங்கே?

புளியங்குடியில் எலுமிச்சம்பழ வியாபாரம் செய்பவர், கூடையைக் கொட்டியவுடன் விலை சொல்லிவிடுவதில்லை. பருமனைப் பார்த்து, தோலைத் தடவிப் பார்த்து, தரம் பிரித்த பிறகே பேரம் தொடங்குகிறது. அதே ஊரில் இரண்டாவது பிரசவம் முடிந்து படுத்திருக்கும் ஒரு ஸ்திரீக்குக் கர்ப்பத்தடையைப் பற்றி என்ன சொல்லப்பட்டது, அவள் கேட்டதற்கு விடை கிடைத்ததா என்பதை இவ்வளவு சிரத்தையோடு தரம் பார்ப்பவர் யார்? எத்தனை ஆபரேஷன், எத்தனை லூப் என்ற கணக்கு மாதந்தோறும் மேலிடத்துக்குப் போகிறது. சொன்ன ஆலோசனையின் தரம் ஊராருக்குத் தெரிவதில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டை ராஜாங்கத் திட்டமாக உலகத்தில் முதன்முதல் ஏற்ற தேசம் நம்முடையது, ஆண்டு 1952. நமது மாகாணம் இதில் முன்னணியில் நிற்கிறது. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு ஸ்திரீக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.8. விவாகமான ஸ்திரீகளில் 100-க்குச் சுமார் 69 பேர் ஏதேனும் ஒரு முறையைக் கைக்கொள்கின்றனர். அவர்களில் 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இதைப் பெருமையாகப் பேசுவோரை நாம் மறுக்கவில்லை. ஆனால் இத்தனை பேர் ஒரே பாதையில் போனார்கள் என்றால், அது அவர்கள் தேர்ந்துகொண்ட பாதையா, அன்றி அவர்களுக்குக் காட்டப்பட்ட ஒரே பாதையா? 58 என்ற எண் இதற்குப் பதில் சொல்லாது. தேச முழுவதும் ஆபரேஷன் செய்துகொண்ட புருஷர்களின் தொகை 1,000-க்கு 3 என்பதையும் நேயர்கள் இத்துடன் சேர்த்து யோசிப்பார்களாக.

எண்ணிக்கையை மட்டும் வழிபட்டதன் பலனை நாம் அறியாதவர்களல்ல. அவசர நிலைக் காலத்தில் 1976–77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன, பெரும்பாலும் புருஷர்களுக்கு. அடுத்து வந்த தேர்தலில் ஜனங்கள் தீர்ப்பளித்தனர். 1996-ல் இலக்கு முறை கைவிடப்பட்டது என்று சர்க்கார் அறிவித்தது. ஆயினும் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் ஜில்லாவில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 ஸ்திரீகளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பதின்மருக்கு மேல் மாண்டனர். 2016-ல் சுப்ரீம் கோர்ட், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்திவிட வேண்டுமென்று உத்தரவிட்டது. கத்தியின் சுத்தத்தைப் பற்றி அதன்பின் நிறையப் பேசினார்கள். ஆலோசனையின் சுத்தத்தைப் பற்றிப் பேசியது குறைவு.

அதை அளப்பது சாத்தியமா என்றால், சாத்தியமே. 1990-ல் ஜூடித் புரூஸ் என்ற அமெரிக்க அம்மையார் சேவையின் தரத்தை ஆறு அம்சங்களாகப் பிரித்துக் காட்டினார். பல முறைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதி, போதிய தகவல், மரியாதை, பின்னர் தொடர்ந்து கவனித்தல் முதலியன அவற்றில் சேர்ந்தவை. அதிலிருந்து சுருக்கி, வேறு முறைகளைப் பற்றிச் சொன்னார்களா, உபாதை உண்டாகலாம் என்று சொன்னார்களா, உண்டானால் என்ன செய்வதென்று சொன்னார்களா என்ற மூன்று கேள்விகளைப் பல தேசங்களிலும் கேட்கிறார்கள். நம் தேசத்தில் உபாதையைப் பற்றி எப்போதாவது தமக்குச் சொல்லப்பட்டது என்றவர்கள் 2015–16-ல் 100-க்குச் சுமார் 47, 2019–21-ல் 62. அபிவிருத்திதான். மீதி 38 பேரின் கதி என்ன?

இந்தக் கேள்விகளிலும் ஒரு குறை உண்டு. சொன்னார்களா என்று கேட்கிறதே யன்றி, நெருக்கினார்களா என்று கேட்பதில்லை. 2019-ல் மெக்ஸிகோவில் ஹோல்ட் என்பவரும் சகாக்களும் ஏற்படுத்திய அளவுகோலில் 22 வாக்கியங்கள் உள்ளன. தகவல், பழகிய விதம் ஆகியவற்றோடு, தமக்கு இஷ்டமான முறையை அவள் தலையில் கட்டப் பார்த்தார்களா, அவமதித்தார்களா என்பதும் அதில் அடங்கும். பின்னர் எத்தியோப்பியாவிலும் இந்தியாவிலும் அதைப் பரீட்சித்தார்கள்.

அளவுகோல் வந்தால் மட்டும் போதாது. ஆஸ்பத்திரி வாசலில், நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, "மரியாதையாக நடத்தினார்களா?" என்று கேட்டால், பீடி சுற்றிப் பிழைக்கும் ஓர் ஏழை ஸ்திரீ, "நல்லாத்தான் பாத்தாங்க" என்றுதான் சொல்வாள். நாளைக்கும் அவள் அங்கேதானே வரவேண்டும்! ஆதலால் ஆஸ்பத்திரியைச் சேராதவர், வீட்டில், தனிமையில் கேட்க வேண்டும். கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும். 2017 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் 'அந்தரா' என்னும் ஊசியும் 'சாயா' என்னும் மாத்திரையும் வழங்கப்பட்டு வருகின்றன. ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதனால் தீட்டு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். இதை ஊசிக்கு முன் சொன்னார்களா, பின் சொன்னார்களா? மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரு முறை, அப்பால் ஒரு முறை என்பதை அவள் திருப்பிச் சொல்ல முடிகிறதா? ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளை பிறக்காது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரியுமா?

இன்னொரு கேள்வி நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. 1935 டிஸம்பரில் வார்தாவில் மார்கரெட் ஸாங்கர் அம்மையார் மகாத்மாவைச் சந்தித்தபோது, கர்ப்பத்தடைக் கருவிகளை அவர் ஒப்பவில்லை. ஆனால் ஸ்திரீ புருஷனை மறுக்கக் கற்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். கருவிகளைப் பற்றி அவரோடு நாம் இன்று மாறுபடலாம். மறுக்கும் உரிமையில் மாறுபட முடியாது. "எனக்கு இப்போது எதுவும் வேண்டாம்" என்று சொன்ன ஸ்திரீக்கும் அதே கட்டில், அதே கஞ்சி, அதே அன்பு கிடைத்ததா? லூப் வைத்துக்கொண்டவள் அதை எடுத்துவிடுங்கள் என்று வந்தால் எத்தனை தரம் திருப்பி அனுப்பினார்கள்? இவை எந்த மாதாந்தரக் கணக்கிலும் இடம் பெறுவதாக நாம் காணவில்லை.

நர்ஸுகளைக் குற்றம் சொல்வது நமது நோக்கமன்று. 5,000 ஜனங்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது சர்க்கார் வகுத்த விதி. தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை, ரிஜிஸ்தர் எழுதுதல் எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் அரைமணி உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் எங்கே? மார்க்கு குறைந்ததென்று அவர்கள்மேல் பாய்ந்தால், மார்க்கை உயர்த்திக் காட்டும் வித்தைதான் வளரும். பழைய இலக்கு புது வேஷத்தில் வந்து சேரும். குறைந்த மார்க்கு வந்த இடத்தில் முதலில் பேச ஓர் அறையும் கூடுதலாக ஓர் ஆளும் கொடுக்க வேண்டும்.

2019-ல் பிறந்த தென்காசி ஜில்லா பெரியதல்ல. புளியங்குடி முனிஸிபல் எல்லைக்குள் தொடங்கிப் பார்ப்பது எளிது. சென்ற ஆறு மாதத்தில் பிரசவித்த ஸ்திரீகளில் சிலரை, ஊரின் படித்த பெண்களே சந்தித்துக் கேட்கட்டும். பெயர் எழுத வேண்டாம். கிடைத்த தொகையை நகர சபையில் படிக்கட்டும். அங்கத்தினர்கள் சாக்கடை, தெருவிளக்கு விவாதங்களுக்கு நடுவே இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டுமென்றும், ஆபரேஷன் சம்மதப் பத்திரத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை அன்று சபையில் உரக்கப் படித்து, கேட்டவர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டுமென்றும் நாம் கோருகிறோம்.