அளவுகோல் யார் கையில்?

ஆம்பூரில் நம் தோழர் தைத்த காலணி பெட்டியில் அடைபட்டு, லாரி ஏறி, சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறது. கப்பல் கண்ணுக்கு மறைந்ததும் அதைப்பற்றிய நினைவும் மறைந்துவிடுகிறது. "கடலில் கப்பல் போனால் வேலூர்க்காரனுக்கு என்ன வந்தது?" என்று கேட்போர் உண்டு. வந்தது இருக்கிறது தோழர்களே, கேளுங்கள்!

2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. சுற்றுப்புறத்திற்குச் சேதமில்லை என்றது முதல் அறிவிப்பு. பிறகு, ஏதோ இரண்டொரு டன் என்றார்கள். கடைசியில் கடலோரக் காவற்படை சொன்ன கணக்கு சுமார் 196 டன்! பூச்சியம் 196 ஆவதற்குள், கரையில் ஒதுங்கிய கருங்குழம்பை வாளி வாளியாக வாரியவர்கள் யார்? மீனவர்கள், மாணவர்கள், தொழிலாளர்கள்! அளப்பவன் கை சுருங்கினால், அள்ளுபவன் கைதான் கறுக்கிறது.

மோதினால் மட்டுமே தீங்கு என்று எண்ணிவிடக் கூடாது. சரக்கில்லாத கப்பல் தள்ளாடாமலிருக்க வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். சரக்கு ஏற்றுமிடத்தில் அதைக் கொட்டும். நீரோடு அயல்கடல் உயிர்களும் இறங்கும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மட்டி, எண்ணூர் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைப்பது, கொசஸ்தலையாற்றின் அடித்தளத்தைப் பாய்போல் மூடி, இறாலின் இடத்தைப் பறித்துக்கொண்டது. கப்பல் நீரோடு வந்திருக்கக் கூடும் என்கின்றனர் அறிஞர்கள்.

இரைச்சலும் ஒரு கேடே. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து, கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் நடமாட்டம் குறைந்தது. கடலடி இரைச்சல் 6 டெசிபல் தணிந்தது. திமிங்கலங்களின் சாணத்தைச் சோதித்தபோது, உடல் படும் வேதனையைக் காட்டும் சுரப்பும் குறைந்திருந்தது! எப்படித் தெரிந்தது? முன்னும் அளந்தார்கள், பின்னும் அளந்தார்கள், அதனால் தெரிந்தது. முன்னே அளக்காதவன் பின்னே எதை வைத்து ஒப்பிடுவான்?

இந்தப் பாடம் நமக்குப் புதிதா? பாலாற்றங்கரையில் தோல் கழிவு கலந்து, கிணறு கெட்டு, நிலம் உப்பேறியபோது நாம் படித்த பாடமல்லவா இது! ஆலை மூடினால் அடுப்பு அணைந்துவிடுமே என்று அன்று நம்மில் பலர் அஞ்சினோம். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் குடத்துத் தண்ணீர் கெட்டதும் பொய்யல்லவே!

1996 ஆகஸ்ட் 28 அன்று, இந்த வேலூர் வழக்கில்தான், கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற நெறிகள் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்சநீதிமன்றம் உரைத்தது. சேதத்தை அளக்கத் தனி ஆணையம் அமைந்தது. 547 தோல் ஆலைகள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2001இல் அது வகுத்தது. அப்படியிருந்தும், 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று அதே உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. காலங்கடந்து அளந்தால் கணக்குத் தீர்வதற்குள் ஒரு தலைமுறையே தீர்ந்துவிடுகிறது.

ஆகவே கேட்கிறோம். கப்பல் வேண்டாம் என்றா? இல்லை! கப்பல் நின்றால் ஆம்பூரின் தையல் இயந்திரமும் நிற்கும் என்பதை அறியாதவர்களல்ல நாம். கப்பல் வரட்டும், கணக்கும் வரட்டும்! துறைமுகத்தை விரிக்குமுன் நீரை, மீனை, மண்ணை, இரைச்சலை அளந்து வையுங்கள். ஆண்டுதோறும் அளந்து தமிழில் வெளியிடுங்கள். அளவுகோலைத் துறைமுகத்தார் கையில் மட்டும் விடாதீர்கள். பல்கலைக்கழகத்தார் பிடிக்கட்டும், மீனவர் உடன் நிற்கட்டும்.

பெருந்துறைமுகம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. வலையைக் காயப்போட்டுவிட்டுக் கலங்கி நிற்கும் மீனவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான்?

பாலாறு வயலூர் அருகே கடலில் கலக்கிறது. பாலாற்றங்கரையில் பிறந்த நீதியும் கடல்வரை செல்லட்டும்!