காசநோயாளியின் வீட்டாருக்குப் பருப்பு யார் கொடுப்பது?

காசநோய்த் தடுப்பு என்றதும் ஊராட்சிகளின் நினைவுக்கு வருவது சுவர் விளம்பரம்: இருமும்போது வாயை மூடுக, கண்ட இடத்தில் துப்பாதீர். தவறில்லை. ஆயினும் ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில், ஒருவருக்கு நோய் கண்டறியப்படும் முன்பே கிருமி மற்றவர்களை எட்டியிருக்கக்கூடும். உட்புகுந்த கிருமி பெரும்பாலோரிடம் உறங்கியே கிடக்கும். அதைத் தட்டி எழுப்புவனவற்றுள் இந்தியாவில் முதன்மையானது ஊட்டக்குறைவு.

ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று நடத்திய அவ்வாய்வில் 2,800 நோயாளிகளின் வீட்டார் 10,345 பேர் இடம்பெற்றனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் கிடைத்தது. வேறுபாடு வீட்டாரிடத்தில்தான். ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள். மறு பிரிவினருக்கு அவை இல்லை. உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. 2023இல் ‘லான்செட்’ இதழில் இம்முடிவு வெளிவந்தது. இதே பயனை ஒரு புதிய ஊசிமருந்து தந்திருந்தால் நாடு விழா எடுத்திருக்கும்.

நிக்ஷய் போஷண் திட்டம் 2018இல் மாதம் 500 ரூபாயுடன் தொடங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயானது. ஆனால் பணம் நோயாளிக்கு மட்டுமே உரியது. வீட்டில் உலைப்பானை ஒன்றுதான். அதில் நோயாளிக்குக் கூடுதலாக அள்ளிவைத்தால் குறைவது பிறர் பங்கு. பெரும்பாலும், கடைசியில் உண்ணும் பெண்ணின் பங்கு. வீட்டாருக்கும் உணவுத்தொகுப்பு என்று 2024இல் அரசு அறிவித்தது உண்மையே. எனினும் அதை ‘நிக்ஷய் மித்ரா’ எனப்படும் கொடையாளர்களின் கையில் விட்டது. கொடையாளர் வாய்த்த ஊருக்குப் பருப்பு. வாய்க்காத ஊருக்குச் சுவர் விளம்பரம். குழந்தைகளுக்கான தடுப்பூசியை இவ்வாறு எவரேனும் தருமத்துக்கு விட்டுவைப்பார்களா?

நியாயவிலைக் கடை ஏற்கெனவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமைக் குடும்பங்களுக்குத் தலைக்கு 5 கிலோ தானியமும் உண்டு. பருப்பு அச்சட்டத்தில் இல்லை. நோயாளியின் சிகிச்சைப் பதிவோடு குடும்ப அட்டையை இணைத்து, ஆறு மாதங்களுக்குப் பருப்பைக் கூட்டி வழங்குவது நிர்வாகத்துக்கு எட்டாத செயலன்று. கடைக்காரருக்கு ஒதுக்கீட்டின் அளவு தெரிந்தால் போதும், காரணம் தெரிய வேண்டியதில்லை. மகளின் திருமணம் தடைப்படுமென்று நோயை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். அதே ஆறு மாதங்களில் ஆஷா பணியாளர் வீட்டார் ஒவ்வொருவரையும் மாதம் ஒருமுறை எடைபோட்டுக் குறித்துவந்தால், மெலிபவரைச் சளிப் பரிசோதனைக்கு முதலில் அனுப்பலாம்.