எல்.டி.சி. தராத பயணம்

மத்திய அரசு ஊழியர்களின் குடும்பங்களில் எல்.டி.சி. என்ற மூன்றெழுத்துக்குத் தனி மரியாதை உண்டு. நான்கு ஆண்டுகள் கொண்ட ஒரு கட்டத்தில் சொந்த ஊருக்கு இரண்டு முறை போய் வரலாம். அதில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் இந்தியாவின் எந்த மூலைக்கும் போகலாம். கட்டம் முடியப் போகிறது என்று தெரிந்ததும் வீட்டில் பரபரப்பு தொடங்கிவிடும். அந்தமானா, காஷ்மீரா, கேங்டாக்கா என்று சாப்பாட்டு நேரத்தில் விவாதம் நடக்கும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து, படிவத்தை நிரப்பி, கணக்குப் பிரிவில் கொடுத்துப் பணம் வாங்கும்வரை பயணம் முடிந்ததாகக் கருதப்படுவதில்லை.

நல்ல சலுகைதான். ஆனால் அது நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் பழக்கியிருக்கிறது. சந்தோஷத்தைக் கிலோமீட்டரில் அளப்பதுதான் அந்தப் பழக்கம். எவ்வளவு தூரம் போனோமோ அவ்வளவு அனுபவித்தோம் என்று கணக்கு. தாதரிலிருந்து ஹாஜி அலி வரை பஸ்ஸில் போய் வந்த டிக்கெட்டை ஒட்டி அனுப்ப எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது.

ஹாஜி அலியை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மும்பையின் வொர்லி விரிகுடாவில், கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடலுக்குள் நிற்கிறது அந்த தர்கா. கரைக்கும் அதற்கும் இடையே தாழ்வான நடைபாதை ஒன்று. கடல் ஏறும்போது பாதை மூழ்கிவிடும். இறங்கும்போது வெளியே வரும். தொழ வருகிறவர்களும் சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் கடலின் நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் பாதையில் கால் வைக்க வேண்டும். கூட்டத்தில் பெரும்பாலோரின் கண் தர்காவின் மேல் இருக்கும். பாதையின் இரு பக்கமும் வெளியே தெரியும் கரும்பாறைகளை யாரும் பார்ப்பதில்லை.

மெரினாவில் கால் நனைத்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுக்குத்தான். அலை சற்று முன்னே வருகிறது, சற்றுப் பின்னே போகிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடும். மும்பையில் அப்படியல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் நாலரை மீட்டரைக்கூடத் தாண்டும். ஏறக்குறைய ஒன்றரை மாடி உயரம். மும்பைக்கு எதிரே கடலடித் தளம் நெடுந்தூரம் ஆழமில்லாமல் பரந்து கிடக்கிறது. வடக்கே காம்பே வளைகுடா புனல் போலக் குறுகிச் செல்கிறது. உள்ளே வரும் நீர் ஒதுங்க இடமில்லாமல் உயர்ந்து நிற்கிறது. போகும்போது அதே வேகத்தில் வடிந்துவிடுகிறது. காலையில் அலை மோதிக்கொண்டிருந்த இடத்தில் சில மணி நேரம் கழித்து ஒரு சிறுவன் நின்றுகொண்டு கையை ஆட்டலாம்.

அந்தச் சிறுவன் குனிந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் விஷயம்.

முதலில் கிடைப்பது நாற்றம். அதை மறைத்துப் பயனில்லை. இரண்டு கோடிப் பேர் வாழும் பெருநகரத்தின் கழிவு இந்தக் கடலில்தான் கலக்கிறது. பாறை இடுக்குகளில் பாலிதீன் பை, பழைய செருப்பு, கிழிந்த வலை. இவற்றைத் தாண்டி ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்காரப் பொறுமை இருந்தால் காட்சி மாறும். பாறைக் குழியில் தேங்கிய நீரில் காலி சங்கு ஒன்று நடக்கத் தொடங்கும். செத்த நத்தையின் ஓட்டில் குடியேறிய துறவி நண்டு அது. உடம்பு வளர வளர வாடகை வீடு மாற்றுவது போல ஓடு மாற்றிக்கொண்டே இருக்கும். மும்பைவாசிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாறையில் சொரசொரவென்று அப்பியிருப்பவை கொட்டலசுகள். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வந்ததும் கால்களை வெளியே நீட்டி இரை பிடித்துத் தின்னும் பிராணிகள். சிவப்பாக, ஈரமாக, கோலிக்குண்டு அளவில் சுருங்கிக் கிடப்பதைத் தண்ணீருக்குள் பார்த்தால் சாமந்திப் பூவாக விரிந்திருக்கும். அதனால்தான் அதற்குக் கடல் சாமந்தி என்று பெயர். மணலில் பொறுக்கிய சிப்பியில் துரப்பணம் போட்டது போல வட்டமாக ஒரு துளை இருக்கும். மாலை கோப்பதற்காக யாரும் போட்ட துளை அல்ல. இன்னொரு நத்தை ஓட்டைக் குடைந்து உள்ளேயிருந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போன தடயம். துப்பறியும் கதை படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அதிர்ஷ்டம் இருந்தால் ஆக்டோபஸ். நம் ஊர் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள். மூன்று இதயம், நீல ரத்தம், நொடியில் பாறையின் நிறத்துக்கு மாறும் தோல். இவ்வளவு வித்தைகளையும் வைத்துக்கொண்டு, சொகுசுக் கார்கள் விரையும் சாலைக்குக் கூப்பிடு தூரத்தில் அது பதுங்கியிருக்கிறது. அதே குழிகளில் உயிருள்ள பவளமும் உண்டு. பவளம் என்றால் லட்சத்தீவு, அந்தமான், தெளிந்த நீலத் தண்ணீர் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. சேறு கலங்கிய மும்பைத் தண்ணீரில் அது பிழைத்துக் கிடப்பது உண்மையிலேயே அதிசயம்தான்.

இதைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. வழிகாட்டிப் புத்தகமும் அவசியம் இல்லை. ஆனால் நேரம் தெரிந்திருக்க வேண்டும். அது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே தொங்குகிறது. ராகு காலம், எமகண்டத்தோடு அமாவாசை, பௌர்ணமியைச் சொல்லும் தினசரிக் காலண்டர்தான் அது. அந்த இரண்டு திதிகளிலும், அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் கடல் மிக அதிகமாக உள்வாங்கும். மும்பையில் அந்த நாட்களில் ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். இறக்கம் விடியலையும் அந்தியையும் ஒட்டி வரும். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசைத் தர்ப்பணத்துக்காக விடியற்காலையில் எழுந்திருப்பவர் அன்றைக்குக் கடல் எங்கே நிற்கும் என்பதையும் அதே தாளில் படித்துவிடலாம். கோலி மீனவர்களுக்குத் தாள்கூட வேண்டாம். திதியைச் சொன்னால் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லிவிடுவார்கள். மும்பை தீவுகளாகச் சிதறிக் கிடந்த காலத்திலிருந்து அவர்களுக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட கணக்கு.

மற்றவர்களுக்கு இது தெரியவந்தது சமீபத்தில்தான். 2017-ல் கடலில் ஈடுபாடு கொண்ட சிலர் மரைன் லைஃப் ஆஃப் மும்பை என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். கடல் உள்வாங்கும் நேரத்தில் ஹாஜி அலி, கிர்காவ், ஜுஹு போன்ற கரைகளுக்குப் பொதுமக்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். கண்டதையெல்லாம் படம் எடுத்துப் பதிவு செய்தார்கள். மும்பைக் கடல் ஒரு சாக்கடை, அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான் அதுவரை பரவலாக இருந்தது. இருபது வருடம் அதே கரையில் பேல்பூரி தின்றவர்கள், வேறு ஊருக்கு வந்துவிட்டது போல விழித்தார்கள்.

இதை ஒரு இனிமையான பொழுதுபோக்குச் செய்தியாக இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் 2018-ல் அதே கரையில் கரையோரச் சாலைக்கான வேலை தொடங்கியது. மரைன் லைன்ஸ் பக்கத்திலிருந்து வொர்லி வரை பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். கடலைத் தூர்த்து, பாறைகளை மூடிப் போடப்பட்ட சாலை. மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் திட்டத்துக்குத் தரப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அனுமதியை ரத்து செய்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்க, வேலை மீண்டும் தொடங்கியது. 2024 மார்ச்சில் சாலையின் முதல் பகுதி திறக்கப்பட்டது.

பாறையில் குனிந்து பார்த்தவர்கள் சாலையைத் தடுத்துவிடவில்லை. ஆனால் அவர்கள் பார்த்துப் பதிவு செய்திராவிட்டால், அங்கே மூடப்படுவது வெறும் கல் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். பவளம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். சட்டத்தின் பார்வையில் புலிக்கு நிகரான அந்தஸ்து. அது அங்கே இருப்பது பலர் அறிய வெளிவந்துவிட்ட பிறகு கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. 2020-ல் ஹாஜி அலி, வொர்லி பாறைகளிலிருந்த பவளக் கூட்டங்களைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். பெயர்த்து நடுவது இருந்த இடத்திலேயே இருப்பதற்கு ஈடாகாதுதான். வொர்லி மீனவர்கள் வேறொரு சண்டை போட்டார்கள். சாலைப் பாலத்தின் தூண்களுக்கு இடையே அறுபது மீட்டர்தான் விடுவதாகத் திட்டம். அலையடிக்கும்போது அந்த இடைவெளியில் படகு ஓட்டிக் காட்டுங்கள் என்பது அவர்கள் வாதம். தண்ணீரில் வேலையை நிறுத்தி, நீண்ட நாள் போராடி, கடைசியில் 2023-ல் ஓர் இடத்தில் அதை நூற்றிருபது மீட்டராக்க வைத்தார்கள்.

பக்கத்தில் இருப்பதை அறிந்துகொள்வதில் சந்தோஷத்தோடு வேறொன்றும் அடங்கியிருக்கிறது என்பதற்கு இந்த நகரத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. போரிவிலியை ஒட்டி நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. மின்சார ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம். உள்ளே கன்ஹேரியில் பாறையைக் குடைந்த பௌத்தக் குகைகள் நூற்றுக்கும் மேல். பிக்குகள் மழைநீரைத் தேக்க வெட்டிய தொட்டிகள், அவற்றுக்குப் பணம் கொடுத்த வணிகர்களின் பெயர் பொறித்த கல்வெட்டுகள். கூடவே சிறுத்தைகள். 2004-ல் சிறுத்தை தாக்கிப் பலர் உயிரிழந்தபோது நகரமே நடுங்கியது. கூண்டு வைத்துப் பிடி, வேறு காட்டில் விடு என்பதுதான் அன்றைய கோரிக்கை. இப்படி ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் விடுவதே சிக்கலைப் பெருக்குகிறது என்று ஆய்வாளர்கள் பிறகு எடுத்துச் சொன்னார்கள். 2011-ல் வனத் துறையும் ஆய்வாளர்களும் குடியிருப்போரும் கைகோத்தார்கள். குப்பையை அகற்றுங்கள், குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். இருட்டில் குழந்தைகளைத் தனியே அனுப்பாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். 2015-ல் தானியங்கிக் காமிராக்கள் வைத்துக் கணக்கெடுத்தபோது பூங்காவிலும் பக்கத்து ஆரே பகுதியிலுமாக முப்பத்தைந்து சிறுத்தைகள் பதிவாயின. அதே ஆரேயில் மெட்ரோ பணிமனைக்காக 2019 அக்டோபரில் இரவோடு இரவாக மரங்களை வெட்டியபோது ஓடி வந்தவர்களில் ஏராளமானோர் இளைஞர்கள். அந்த மரங்களுக்கிடையே நடந்து பழகியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

தாராவிக்கு எதிரே மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. முப்பத்தேழு ஏக்கர். ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை மேடு. மரம் நட்டு வளர்த்து 1994-ல் திறந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாகத் தாராவியில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வாசலில் இருக்கும் காடு. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வசிக்கும் வீட்டுக் குழந்தைக்கு லோனாவாலா விடுதியோ நீர் விளையாட்டுப் பூங்காவோ கனவுதான். வசதியுள்ளவர்களுக்கு ஜிம்கானா இருக்கிறது, வார இறுதிப் பண்ணை வீடு இருக்கிறது. காசில்லாதவர்களுக்குக் கடலோரப் பாறையும் குப்பை மேட்டில் முளைத்த காடும்தான் சுற்றுலா. அவை சுருங்கினால் அவர்களுக்கு மாற்று இடம் கிடையாது. எல்.டி.சி.யும் கிடையாது.

பாறைக்குப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழைக்காலத்தில் போகவே கூடாது. பாசி வழுக்கும், அலையை நம்ப முடியாது. அந்தப் பருவத்தில் மணலில் நீலப் பலூன் போலக் கிடப்பதைக் கையால் தொடக் கூடாது. அதன் நூல்கள் கொட்டினால் நெருப்பாக எரியும். பிடிப்புள்ள பழைய ஷூ போதும். எதையும் பிடுங்கவோ பாட்டிலில் போட்டு எடுத்து வரவோ வேண்டாம். புரட்டிப் பார்த்த கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும். அடியில் குடியிருப்பவர்களுக்கு அதுதான் கூரை. தண்ணீர் மிகத் தாழ்ந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கிவிடுவது நல்லது. அது திரும்பத் தொடங்கியதும் எல்லோரும் கரையேறிவிட வேண்டும். கடல் பின்பக்கமாகச் சத்தமில்லாமல் வரும். ‘இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா’ என்று குழந்தை கெஞ்சும். அப்போது பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, கரைக்குத் திரும்பும் வழியில் ஈரமாகத் தொடங்கும் பாறையை.